உட்கார்ந்தா ஏறும்... நிமிர்ந்தா இறங்கும்!

கேன்டீன்ல டீ சொல்லிட்டு, அது டேபிளுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? அந்த கேப்புல ஒரு விமானம் கிளம்பி, கடலைத் தாண்டி, பக்கத்துத் தீவுல இறங்கிடுது. ரீல் இல்ல பாஸ், நிஜம்!

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுக் கூட்டம். அதில் வெஸ்ட்ரே ஒரு தீவு, பாப்பா வெஸ்ட்ரே இன்னொரு தீவு. 'பாப்பா'ன்னதும் குழந்தைன்னு நினைச்சுடாதீங்க. பழைய நார்ஸ் மொழியில் பாதிரியார்களைக் குறிக்கிற சொல் அது. ஆனா தீவு என்னவோ பாப்பா சைஸ்தான், மொத்த ஜனமே நூறைத் தொடாது!

இந்த ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல தூரம் சுமார் 2.7 கி.மீ. எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதையே ஏறக்குறைய அவ்வளவு நீளம் இருக்கும். டைம் டேபிள்படி பயணம் 2 நிமிஷம். காற்று கைகொடுத்த ஒரு நாளில் 53 செகண்டில் முடிஞ்சது சாதனை. உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமான சர்வீஸ்னு கின்னஸ்லயும் இடம் பிடிச்சாச்சு. லோகன் ஏர் நிறுவனம் 1967-லிருந்து ஓட்டுது. பிரிட்டன்-நார்மன் ஐலண்டர்னு குட்டி விமானம். எட்டுப் பேர்தான் போகலாம். அதிர்ஷ்டம் இருந்தா பைலட் பக்கத்து சீட்டே கிடைக்கும்!

விமானப் பயண நேரத்தைத் தோராயமா கணக்குப் போடறவங்க, தூரத்தை வேகத்தால வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்துக்குவாங்க. அந்த ஃபார்முலா இங்கே அவுட்! 53 செகண்டுல 2.7 கி.மீ.ன்னா மணிக்கு சுமார் 183 கி.மீ. வேகம். உயரே போறதுக்கே நேரமில்ல. ஏறின கையோட இறங்க வேண்டியதுதான்.

சரி, இத்தனூண்டு தூரத்துக்கு எதுக்கு ஃப்ளைட்? ஆர்க்னியின் தலைநகர் கிர்க்வாலிலிருந்து கிளம்பற விமானம் ரெண்டு தீவையும் தொட்டுட்டுத் திரும்புது. அந்த ரூட்டுல நடுவுல வர்ற ஒரு தாவல்தான் இது. சாதனைக்காக வர்ற டூரிஸ்ட்டுகள் உண்டு. 5,000 வருஷத்துக்கும் மேல் பழசான 'நாப் ஆஃப் ஹவர்' கல் வீடுகளைப் பார்க்க வர்றவங்களும் உண்டு. ஆனா ரெகுலர் கஸ்டமர்ஸ் யார் தெரியுமா? தீவு தீவா போய் பாடம் நடத்தற டீச்சர், வைத்தியம் பார்க்கப் போற டாக்டர், கிர்க்வால் ஆஸ்பத்திரிக்குப் போற நோயாளி!

டிக்கெட் காசை மட்டும் நம்பினா இந்த ரூட் தாங்காது. அதனால ஆர்க்னி கவுன்சில் மானியம் கொடுத்து ஓட வைக்குது. நூறு பேர்கூட இல்லாத ஊரா இருந்தாலும், அங்கேயும் பிள்ளைங்க படிக்கணும், காய்ச்சல் வந்தா யாராவது பார்க்கணும் இல்லையா?

அடுத்த தடவை அஞ்சே பேரோட மலையேறுற மினி பஸ்ஸைப் பார்த்து, 'நஷ்டத்துல எதுக்குடா ஓட்டறாங்க?'ன்னு சிரிக்காதீங்க மக்கா. அந்த அஞ்சுல ஒருத்தர் டீச்சரா இருக்கலாம்!