எட்டாக் கனியா இணையம்?

மாலை ஐந்து மணிக்கு உப்பிலியபுரம் பேருந்து நிறுத்தத்தில் சற்று நின்று பார்த்தால் போதும். துறையூர்ப் பேருந்துக்குக் காத்திருக்கும் பெரியவர், பூக்கட்டும் அம்மாள், வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு இளைப்பாறும் அண்ணன், எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கக் காணலாம். "உலகம் உள்ளங்கையில் அடங்கிவிட்டது" என்று மேடைதோறும் பேசுவது உண்மைதான் போலும் என்று தோன்றும்.

ஆனால் ஒருநாள் ஓய்வு நேரத்தில் எங்கள் வகுப்பில் இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்த்தோம். "வீட்டில் இணைய வசதியுள்ள கைப்பேசி இருக்கிறதா?" என்பது முதற் கேள்வி. ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. "படிப்பதற்கு வேண்டும்போது அதை எடுத்துக்கொள்ள உங்களுக்கு முடியுமா?" என்பது இரண்டாம் கேள்வி. உயர்ந்த கைகளில் பல இறங்கிவிட்டன. அப்படி இறங்கிய கைகளை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை போன்ற பெருநகரங்களுக்கே முதலில் அது கிட்டியது. அதன் பின்னர் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி மூலம் இணையம் கொண்டு செல்லும் பணியை அரசு மேற்கொண்டது. கட்டணமும் 2016-க்குப் பின் வெகுவாகக் குறைந்தது. இருந்தும் 2024-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 260 கோடிப் பேர், அதாவது மூவரில் ஒருவர், இணையத்தைப் பயன்படுத்தாதவர்களாகவே இருந்தனர் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கணக்கிட்டது. வளரும் நாடுகளின் ஏழைகளும் பெண்களுமே இவர்களுள் மிகுதி. வியப்பு என்னவெனில், இவர்களிற் பெரும்பாலோர் கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டுகிற இடத்தில்தான் வாழ்கிறார்கள். அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? எங்கள் ஊரில் நாங்கள் கண்ட இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, எங்களோடு படித்த ஒரு தோழியைப் பற்றியது. பச்சைமலையிலுள்ள ஒரு சிற்றூர் அவளுடையது. நாங்கள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, 2020 மார்ச்சில், கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டன. எட்டாம் வகுப்பில் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மறுபடியும் உள்ளே வந்தோம். இடைப்பட்ட காலத்தில் பாடங்கள் கைப்பேசி வழியாக வந்தன. கீழே இருந்த நாங்கள் திண்ணையில் அமர்ந்து கேட்டோம். அவளோ வீட்டுக்கு அப்பால் ஒரு பாறைமேல் ஏறினால்தான் அலை கிடைக்கும். மழை வந்தால் பாடம் இல்லை. தந்தை மரவள்ளிக் காட்டுக்குக் கைப்பேசியை எடுத்துச் சென்றாலும் பாடம் இல்லை. கல்வித் தொலைக்காட்சி ஓரளவு துணை செய்தது. ஆனால் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியாதன்றோ! படிப்பில் எங்களுள் எவருக்கும் குறையாத அப்பெண், திரும்பி வந்தபோது கணக்குப் பாடத்தில் வெகுதூரம் பின்தங்கியிருந்தாள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இன்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள்.

இரண்டாவது நிகழ்ச்சியில் அலைக்கும் குறைவில்லை, கருவிக்கும் குறைவில்லை. சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்த ஓர் அக்காள் கல்லூரியில் சேர விண்ணப்பிக்கப் போனார். இந்நாளில் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பம் இணையவழியேதான். வீட்டின் சான்றுகள் அனைத்திலும் பதிந்திருந்தது தந்தையின் எண். அவரோ வட மாநிலத்தில் போர்வெல் வண்டியில் வேலையாக இருந்தார். விண்ணப்பத்தைத் திறக்கும்போதெல்லாம் ஓ.டி.பி. எண் அவருக்குப் போகும். அவர் இருந்த காட்டில் அலை கிடையாது. கடைசி நாளன்று இரவு எட்டு மணிக்கு அவர் அழைத்து எண்ணைச் சொன்னபோது கணினி மையம் பூட்டியாகிவிட்டது. அந்த அக்காள் ஓராண்டு வீட்டில் இருந்தார். "எம் மகள் படிப்பு என் பைக்குள்ள மாட்டிக்கிட்டது எனக்கே தெரியலயே" என்று தந்தை கலங்கினாராம். இதில் குற்றவாளி யார்? ஒருவருமில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் ஓராண்டு போயிற்று.

இந்த இரண்டையும் எண்ணிப் பார்க்கும்போது நான்கு தடைகள் எங்களுக்குப் புலப்படுகின்றன. அலை எட்டாமை முதல் தடை. கருவியும் கட்டணமும் கைக்கு எட்டாமை இரண்டாம் தடை. மொழியும் பழக்கமும் இல்லாமை மூன்றாம் தடை. "இது உனக்கு எதற்கு?" என்னும் சொல் நான்காம் தடை. முதலிரண்டையும் அரசும் நிறுவனங்களும் நீக்க வேண்டும். அதை விடாமல் கேட்பது நம் கடமை. மற்ற இரண்டும் நம் வீட்டுக்குள்ளே இருக்கின்றன. 2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்கள் 33 பேர் மட்டுமே. ஆணுக்கொரு கோபுரம், பெண்ணுக்கொரு கோபுரம் என்று யாரும் நாட்டவில்லை. ஒரே கூரையின் கீழ்தான் இவ்வேற்றுமை விளைகிறது.

இத்தடைகளைத் தாண்டிய ஊர்கள் நம் பக்கத்திலேயே உண்டு. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. ஊரார் இடம் தரவேண்டும். எச்சாதியாரும் உள்ளே வர உரிமை வேண்டும் என்பது ஏற்பாடு. வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில், கடல் அலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியே ஊருக்கே அறிவித்தார்கள். படகு இறக்கலாமா கூடாதா என்று அறிந்துகொள்ள மீனவர் ஒவ்வொருவரும் கணினி கற்க வேண்டியிருக்கவில்லை. கற்ற ஒருவர் உரக்கப் படித்தார். ஊர் பயன் பெற்றது.

அதே புதுச்சேரிக் கடற்கரையில் நல்லவாடு என்றோர் ஊர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்த காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியை இயக்கி எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். ஒரு வீட்டுக்கு வந்த செய்தி அந்த வீட்டோடு நின்றிருந்தால் என்னவாகியிருக்கும்!

கருவியை மட்டும் வைத்துவிட்டுப் போனால் போதாது என்பதற்கும் சான்றுண்டு. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 முதல், சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கம்பியில்லாத் தொலைபேசி முறையைக் கொண்டு கிராமங்களில் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. நல்ல முயற்சிதான். ஆயினும் வருமானமும் தொடர்ந்த துணையும் குறைந்தபோது அவற்றுட் பல சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. கேரளத்தார் வேறு வழியில் முயன்றனர். 2002-இல் மலப்புரம் மாவட்டத்தில் 'அட்சயா' என்னும் திட்டத்தைத் தொடங்கி, வீட்டுக்கு ஒருவரேனும் கணினி அறிந்தவராக வேண்டும் என்று குறித்துக்கொண்டு உழைத்தார்கள். 2025 ஆகஸ்டில் அம்மாநிலம் முழுவதும் மின்னணு எழுத்தறிவு பெற்றுவிட்டதாக அறிவிக்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். கற்பிக்கும் ஆள்தான் முதல் தேவை என்பது இதனால் விளங்கும்.

இனிப் பெற்றோரிடம் சில சொற்கள். "பெண்பிள்ளை கையில் போனைக் கொடுத்தால் கெட்டுப்போகும்" என்று நீங்கள் அஞ்சுவதை நாங்கள் அறிவோம். அந்த அச்சம் வீணானதென்று சொல்லமாட்டோம். பொய்ப்பெயரில் பேசுவோர், படத்தை மாற்றி மிரட்டுவோர், வங்கிப் பணத்தைப் பறிப்போர் எல்லாரும் இணையத்தில் உண்டு. ஆனால் அறியாமை ஒருநாளும் காவலாகாது. பண மோசடி நேர்ந்தால் 1930 என்ற எண்ணையும், குழந்தைகளுக்கு ஆபத்தென்றால் 1098 என்ற எண்ணையும் அழைக்கலாம் என்று தெரிந்த பெண்ணைவிட, தெரியாத பெண்ணையே ஏமாற்றுவது எளிது.

எங்கள் தாய்மார் சிறுமியராய் இருந்த காலத்தில், நம் திருச்சி மாவட்டத்திலிருந்து 1974-இல் பிரிந்த புதுக்கோட்டையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தார் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவரும் ஒரு பெண்மணியே, ஷீலா ராணி சுங்கத் அவர்கள். சைக்கிள் ஏறிய பெண்களைப் பார்த்து முதலில் ஊர் சிரித்தது, ஏளனமும் செய்தது. ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றனர். குவாரியில் வேலை செய்தவரும், அங்கன்வாடி ஊழியரும், தண்ணீர்க் குடம் சுமந்தவரும் சைக்கிளில் போனார்கள். இன்று பெண் சைக்கிள் ஓட்டினால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? விழுந்துவிடுவாள் என்று அஞ்சிச் சைக்கிளைப் பூட்டி வைக்காமல், பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இணையத்துக்கும் அப்படிப் பின்னால் பிடித்துக்கொள்ளும் கைகளையே உங்களிடம் வேண்டுகிறோம்.

கல்லூரி விடுதியில் கைப்பேசிக்கு விதித்த கட்டுப்பாட்டை ஏற்காததால் விலக்கப்பட்ட ஒரு மாணவியின் வழக்கில், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையில் அடங்கும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. இதைக் காட்டிப் பள்ளிக்குள் கைப்பேசி கொண்டுவர நாங்கள் அனுமதி கேட்கவில்லை. வகுப்பில் ஆசிரியையின் முகத்தைப் பார்ப்பதே முறை என்பதை நாங்களும் ஒப்புகிறோம். நாங்கள் கேட்பவை வேறு.

அருட்சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறோம். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் நம் கணிப்பொறி அறையைத் திறந்துவைக்க வேண்டும். கைப்பேசி இல்லாத தோழியருக்கும், விரும்பி வரும் தாய்மாருக்கும் அங்கே இடம் வேண்டும். கல்லூரி விண்ணப்பக் காலத்தில் ஓர் ஆசிரியையின் துணையோடு படிவம் நிரப்ப உதவி வேண்டும். மலையிலிருந்து வரும் மாணவியர் மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால், இதைக் காலையில் வைத்தல் நலம்.

பெற்றோரிடம் இரண்டு கேட்கிறோம். நாள்தோறும் ஒரு மணி நேரம், நடுவீட்டில், நீங்கள் பார்க்கும்படியே, வீட்டுக் கைப்பேசி மகளின் படிப்புக்கென ஒதுக்கப்பட வேண்டும். தம்பிக்கு உண்டென்றால் அக்காளுக்கும் உண்டு. அடுத்து, மகளின் சான்றுகளில், வீட்டிலேயே இருக்கும் தாயின் எண்ணைப் பதிந்து வையுங்கள். ஒரு நாள் வேலைதான்; ஓராண்டு மிச்சமாகும்.

தோழியரே, நமக்கும் கடமை உண்டு. கிடைக்கும் ஒரு மணி நேரத்தையும் ஆட்டம்பாட்டப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதிலேயே கழித்தால், "நான் அப்போதே சொன்னேனே" என்று வீட்டார் சொல்வதற்கு நாமே இடம் கொடுத்தவர்களாவோம். ஆங்கிலம் தெரியாதென்று தயங்கவும் வேண்டாம். 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி, 'தமிழ் 99' விசைப்பலகை ஏற்கப்பட்டது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. தட்டச்சு வராத பாட்டிகூட இன்று கைப்பேசியிடம் தமிழில் பேசித் தேடலாம். எனவே நம்மில் ஒவ்வொருவரும் இந்த ஆண்டு முடிவதற்குள் ஒருவருக்கேனும் இதைக் கற்றுக்கொடுப்போம். அம்மாவாகட்டும், அத்தையாகட்டும், நூறு நாள் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு ஆயாவாகட்டும். தம் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதா என்று தாமே பார்த்துக்கொள்ளும் அளவுக்கேனும் கற்கட்டும்.

திருப்பூரில் இருக்கும் எங்கள் தோழி விடுமுறைக்கு வந்தபோது எங்களைப் பார்க்க வந்தாள். கையில் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய கைப்பேசி இருந்தது. "இது அப்போ இருந்திருந்தா நானும் உங்களோட பன்னிரண்டாவது படிச்சுக்கிட்டு இருப்பேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் வழியை அவள் கைப்பேசியிலேயே தேடிக் காட்டிவிட்டுத்தான் அவளைப் பேருந்தேற்றினோம். அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பில் சேரப்போகும் மலைத் தங்கைகளில் ஒருத்தியும் இப்படிப் பின்தங்காதிருக்கப் பெற்றோரும் பள்ளியும் நாமும் ஒன்றுபட்டு நிற்போமாக.