கரிசலிலும் கலம் கட்டலாம்

மல்லாங்கிணற்றில் நின்று எத்திசை நோக்கினும் கடல் தெரியாது. கரிசலும் கருவேலும் நீர்வற்றிய கண்மாயுமே கண்ணிற் படும். இவ்வறண்ட நிலத்திலிருந்து, மரத்தால் சிறுகப்பல் செய்யும் பொழுதுபோக்கைப் பற்றி எழுதுவதா என நகைப்பார் நகைக்க. கடலை மறந்த இனம் கரையையும் இழக்கும் என்பதை ஈழமும் கச்சத்தீவும் நமக்குக் காட்டிவிட்டன.

சிறுகப்பல் கட்டுவது பிள்ளை விளையாட்டன்று. உண்மைக் கலத்தின் அளவை 48இல் ஒரு பங்காகச் சுருக்கி, ஏரா வைத்து, வங்கு நிறுத்தி, பலகை வளைத்துப் பொருத்தி, கூம்பு நாட்டிப் பாய் கட்டுவதற்குப் பல திங்கள் பொறுமையும் கணக்கறிவும் வேண்டும். நம் இளைஞர் சிலர்க்கு இவ்விரண்டும் உண்டு. ஆயினும் அவர்கள் கட்டுவது எதனை? 1805இல் திரபால்கர்ப் போரில் நெல்சன் ஏறிநின்ற ஆங்கிலப் போர்க்கப்பலான விக்டரியை! கை நம்முடையது, பெருமை நம்மை ஆண்டவனுடையது. இதனினும் இரங்கத்தக்கது வேறுண்டோ?

நாம் எண்ணாததை அயலான் எண்ணினான். 19ஆம் நூற்றாண்டில் உலகக் கடல்களைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடற்படையினர் எட்மோன் பாரிசு என்பார், சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தையும் தோணியையும், ஆணியின்றிக் கயிற்றால் தைத்த சலங்கையும் அளந்து வரைந்து, 1840களில் நூலாக்கினார். பின்னர்த் தம் நாட்டுத் தலைநகரின் கடற்பொருள் அருங்காட்சியகத்திற்குத் தலைவராகி, தாம் வரைந்த கலங்களைச் சிறுவடிவில் செய்வித்தும் வைத்தார். நம் தச்சன் ஏட்டில் எழுதாமல் கையிலும் கண்ணிலும் காத்துவந்த அளவுகளை, அவர் தாளில் ஏற்றினார். அவரைக் குறைகூற நமக்கு வாயில்லை, நன்றி கூறுவோம், ஆனால் நாணவும் செய்வோம்.

வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர் கட்டிய அன்னபூரணியை எண்ணிப் பாருங்கள். பெயர் வடமொழி, கலமோ முழுக்கத் தமிழருடையது. ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள அப் பாய்க்கப்பலை அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் இராபின்சன் விலைக்கு வாங்கினார். வல்வைக் கடலோடிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938இல் அமெரிக்காவின் குளோசுட்டர்த் துறையில் சேர்த்தனர். விற்ற அளவில் அதன் பெயரும் மாறிற்று: புளோரன்சு சி. இராபின்சன்! பொறியின்றிப் பாய்வலியால் பெருங்கடல் கடந்த இக்கலத்தை நம் பள்ளிப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? 48இல் ஒரு பங்காக அதைக் கட்டினால் ஈரடிக்குச் சற்றுக் குறையும்; ஒரு வகுப்பறைப் பலகைமேல் எளிதாய் நிற்கும்.

இதில் மொழிக்காப்பும் அடங்கியுள்ளது. தோணிகளில் பொறி ஏறியபின் பாயும் பருமலும் அகன்றன. பொருள் போனால் சொல்லும் போகும். அணியம், அமரம், ஏரா, வங்கு, கூம்பு, பருமல், மீகான் என்பன அகரமுதலியில் மட்டும் கிடந்தால் அவை பிணச்சொற்களே. கையால் ஓர் ஏராவைச் செதுக்கிய சிறுவனோ அச்சொல்லைச் சாகுந்துணையும் மறவான். கட்டுமரத்தை ஆங்கிலேயனுக்குச் சொல்லாகக் கொடுத்த மொழிக்கு, தன் கப்பலுறுப்புகளை ஆங்கிலத்தில் கேட்டறியும் இழிநிலை ஏன்?

கரிசலுக்கும் கடலுக்கும் தொடர்பில்லை என்பதும் பொய். வளைந்த கருவேலமரம் கலங்களின் வங்குக்கு உதவியது. பாய் என்பது பருத்தித் துணி. பருத்தியோ நம் மண்ணின் விளைவு. சிறுகலத்திற்கு வேண்டும் மரம் நம் கண்மாய்க்கரையில் நிற்கிறது. பாய்க்கு வேண்டும் துணி அருப்புக்கோட்டைத் தறியில் கிடைக்கும். அயல்நாட்டுப் பெட்டிக்குப் பணங்கொட்ட வேண்டுவதில்லை.

எனவே தமிழ இளைஞனே! தூத்துக்குடியிலும் நாகையிலும் எஞ்சியுள்ள முதிய தச்சரிடம் செல், அளவு கேள், சொல் கேள், எழுதிக்கொள். ஊர்தோறும் ஒரு தோணி, பள்ளிதோறும் ஓர் அன்னபூரணி எனக் கட்டு. உறுப்புதோறும் தமிழ்ப்பெயர் எழுதி ஒட்டு. அம் முதியோர் மறைந்தபின் கேட்பதற்கு எவரும் இரார்.