பச்சைப் பாலும் பக்குவமும்

 

2021, 2022ஆம் ஆண்டுகளில் நாட்டில் பால்மாவுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டையும், அதன் விலை ஏறிய வேகத்தையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பக்கற் பால்மாவுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிய தாய்மார்கள்தாம் எத்தனை பேர்! அந்த நெருக்கடியின் போது ஊர்ப் பால்காரரிடம் பசும்பால் வாங்கத் தொடங்கிய குடும்பங்கள் பல. இது வரவேற்கத்தக்க மாற்றமே. அயலில் மாடு வளர்ப்பவரின் பிழைப்புக்கும் அது உதவுகின்றது. பிள்ளைகளுக்கும் கலப்பற்ற உணவு கிடைக்கின்றது.

எனினும், இதனோடு கூடவே ஒரு கருத்தும் பரவி வருகின்றது. "பாலைக் காய்ச்சினால் சத்தெல்லாம் போய்விடும், கறந்த சூட்டோடு பச்சையாகக் குடிப்பதுதான் ஆரோக்கியம், அதுதான் சுன்னத்தும் கூட" என்று சிலர் சொல்கின்றனர். மத்ரஸாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் தாய்மாரும் இதைப் பற்றிக் கேட்கின்றனர். மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் விடயம் என்பதால் இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஹலாலும் தையிபும்

அல்பகரா அத்தியாயத்தின் 168ஆவது வசனத்தில், உண்ணும் உணவுக்கு இரண்டு நிபந்தனைகள் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. ஒன்று ஹலால், மற்றையது தையிப். முதலாவதை நாம் நன்கறிவோம். கடையில் பொருள் வாங்கும்போது திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். இரண்டாவதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. தையிப் என்றால் நல்லது, தூய்மையானது, உடலுக்குத் தீங்கு தராதது. ஹலாலான ஒரு பொருள் கெட்டுப்போனாலோ, நோயைச் சுமந்து வந்தாலோ அது தையிபாக இருக்க முடியாது.

பாலைப் பற்றி அந்நஹ்ல் அத்தியாயத்தின் 66ஆவது வசனம் பேசுகின்றது. கால்நடையின் வயிற்றிலிருந்து, சாணத்துக்கும் இரத்தத்துக்கும் இடையிலிருந்து, தூய பாலை வெளியாக்கும் இறைவனின் வல்லமையை அது நினைவூட்டுகின்றது. "அல்லாஹ்வே தூய்மையானது என்று சொன்ன பாலை நாம் ஏன் காய்ச்ச வேண்டும்?" என்று கேட்பவர்கள் இந்த வசனத்தையே ஆதாரமாகக் காட்டுகின்றனர்.

சகோதரிகளே, சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். வானத்திலிருந்து இறங்கும் மழைநீரையும் அல்குர்ஆன் தூய நீர் என்றே அறிமுகப்படுத்துகின்றது (25:48). அதற்காக வெள்ளம் வடிந்த பின் கிணற்று நீரை நாம் அப்படியே அள்ளிப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கிறோமா? கொதிக்க வைத்து ஆற வைத்தே கொடுக்கிறோம். மழையின் தூய்மையில் நமக்குச் சந்தேகம் இல்லை. அது நம்மிடம் வந்து சேர்ந்த வழியைத்தான் நாம் கவனிக்கிறோம். பாலும் அப்படித்தான். மாட்டின் மடி, கறப்பவரின் கை, வாளி, போத்தல், ஈ, வெயில் என்று அது எத்தனை இடங்களைக் கடந்து நம் வாசலுக்கு வருகின்றது!

ஒரு நபித்தோழர் பாத்திரத்தை மூடாமல் பால் கொண்டு வந்தபோது, ஒரு குச்சியையாவது குறுக்கே வைத்து அதை மூடியிருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக ஹதீஸ் கிரந்தங்களில் காண்கிறோம். பாலைப் பாதுகாப்பது சுன்னத்துக்கு மாற்றமானதல்ல என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அக்காலத்தில் பச்சைப் பால் அருந்தினார்கள் என்பது உண்மை. ஆனால் பாலைக் காய்ச்சக் கூடாது என்று மார்க்கத்தில் எங்கும் தடை இல்லை. தீங்கை நீக்குவது ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளில் ஒன்றாகும்.

மால்ட்டாவின் ஆடுகள்

"எங்கள் பால்காரர் நல்லவர், மாடும் கொழுகொழுவென்று இருக்கிறது, பிறகென்ன பயம்?" என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு ஒரு வரலாற்றுச் சம்பவம் பதில் சொல்கின்றது.

மத்தியதரைக் கடலில் மால்ட்டா என்றொரு சிறு தீவு உண்டு. அரபியிலிருந்து பிறந்த மொழியே அங்கு பேசப்படுகின்றது. பாலுக்கு அவர்கள் இன்றும் 'ஹலீப்' என்றே சொல்கின்றனர். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் அங்கிருந்த படையினரை ஒரு விசித்திரமான காய்ச்சல் வாட்டியது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காய்ச்சல் ஏறும், இறங்கும், மீண்டும் ஏறும். உடல் வியர்த்துக் கொட்டும். மூட்டுக்கள் வலிக்கும். 1887இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர் அந்நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

1905இல் தெமிஸ்தோக்ளிஸ் சம்மித் என்ற மால்ட்டா வைத்தியர் ஆடுகளைப் பரிசோதித்தார். அங்கே ஆடுகளை வீடு வீடாக ஓட்டி வந்து வாசலிலேயே பால் கறந்து கொடுப்பார்கள். அதைவிடப் புதிய பால் வேறு கிடைக்குமா? ஆடுகளும் பார்வைக்கு நல்ல ஆரோக்கியத்துடனேயே இருந்தன. ஆனால் அவற்றின் பாலில்தான் அந்தக் கிருமி இருந்தது. மறு வருடம் படையினருக்கு ஆட்டுப் பால் கொடுப்பது நிறுத்தப்பட்டது. அவர்களிடையே நோய் வெகுவாகக் குறைந்தது. பச்சைப் பாலை விடாத பொதுமக்களிடையே அது நீண்ட காலம் நீடித்தது.

புரூசெல்லோசிஸ் என்று இன்று அழைக்கப்படும் இந்நோய் நமது நாட்டுக் கால்நடைகளிலும் காணப்படுகின்றது. மாட்டுக் காசநோய், வயிற்றோட்டத்தை உண்டாக்கும் பல்வேறு கிருமிகள் என்பனவும் பச்சைப் பாலின் வழியே வரக்கூடியவை. லிஸ்ரீரியா என்ற கிருமி கர்ப்பிணிப் பெண்ணின் கரு கலைவதற்கே காரணமாகலாம். இவற்றில் எதையும் கண்ணால் கண்டுகொள்ள முடியாது. மணத்தாலும் சுவையாலும் அறியவும் முடியாது.

அரபு நாடுகளில் தொழில் புரியும் நம் உறவினர்களுக்கும், ஹஜ், உம்ராவுக்குச் செல்வோருக்கும் ஒரு வார்த்தை. 2012இல் சவூதி அரேபியாவில் இனங்காணப்பட்ட மேர்ஸ் என்ற கடும் சுவாச நோய் ஒட்டகங்களுடன் தொடர்புபட்டது. ஒட்டகப் பாலைப் பச்சையாகக் குடிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தி வருகின்றது. காய்ச்சிக் குடிப்பதில் தடையேதும் இல்லை.

காய்ச்சினால் எதை இழக்கிறோம்?

பாலிலுள்ள புரதமும் கல்சியமும் காய்ச்சுவதால் அழிந்து போவதில்லை. சில உயிர்ச்சத்துக்கள் ஓரளவு குறைகின்றன. அவற்றுள் உயிர்ச்சத்து 'சி' பாலில் முதலிலிருந்தே மிகக் குறைவு. ஒரு தேசிக்காயோ, நெல்லிக்காயோ, கொய்யாப்பழமோ அந்தக் குறையைத் தீர்த்துவிடும்.

தொழிற்சாலைகளில் பாலை 63 பாகை செல்சியஸில் 30 நிமிடங்கள் அல்லது 72 பாகையில் 15 செக்கன்கள் சூடாக்கி உடனே குளிர வைப்பார்கள். இதையே பாச்சராக்கம் என்பர். நம் வீட்டில் அடுப்பு இருக்கின்றது. அதுவே போதும். நம் உம்மம்மாமார் தயிர் போடுவதாக இருந்தாலும் முதலில் பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆற வைத்த பிறகே உறை ஊற்றினார்கள். படிப்பறிவு குறைந்தவர்கள் என்று நாம் நினைத்த அவர்கள் செய்தது முழுக்க முழுக்கச் சரியானது.

குசினியில் கவனிக்க வேண்டியவை இவை:

பால் வந்தவுடன் தாமதியாமல் காய்ச்சுங்கள். பொங்கி வந்ததும் இறக்கிவிடாமல், தீயைக் குறைத்து, அடிவரை கிளறி, இன்னும் ஓரிரு நிமிடங்கள் கொதிக்க விடுங்கள்.

காய்ச்சிய பாலை, பச்சைப் பால் இருந்த பாத்திரத்திலேயே திரும்ப ஊற்றாதீர்கள். மூடி வையுங்கள். ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அந்த வசதி இல்லாதவர்கள் அந்தந்த வேளைக்குத் தேவையான அளவை மாத்திரம் வாங்குங்கள்.

மாட்டுக்கு மருந்து ஏற்றினால் எத்தனை நாட்களுக்குப் பாலைப் பயன்படுத்தக் கூடாது என்பதை மிருக வைத்தியர் சொல்லுவார். அந்த நாட்களில் பால் விற்பதில்லையா என்று பால்காரரிடம் பண்பாகக் கேட்டு வையுங்கள். ஏனெனில் காய்ச்சுவதால் கிருமி சாகுமே தவிர, மருந்தின் எச்சம் நீங்கிவிடும் என்று நம்ப முடியாது.

விசர் நாய் கடித்த மாட்டின் பாலைக் காய்ச்சியும் பயன்படுத்த வேண்டாம். தெரியாமல் குடித்திருந்தால் உடனடியாக வைத்தியரை நாடுங்கள்.

குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே. ஒரு வயதுக்கு முன்னர் தாய்ப்பாலின் இடத்தில் பசும்பாலை வைக்காதீர்கள். அதனால் இரும்புச் சத்துக் குறைந்து குழந்தைக்கு இரத்தச்சோகை ஏற்படக் கூடும். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

இயற்கை என்பதால் மட்டும்...

தேனைப் பற்றியும் இங்கு சொல்லியாக வேண்டும். தேனில் நிவாரணம் உண்டு என்பது நமது நம்பிக்கை. ஆனால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. தேனில் சில வேளைகளில் இருக்கும் ஒரு கிருமியின் வித்துக்கள் குழந்தையின் பலவீனமான குடலில் வளர்ந்து, உடலைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கி, சுவாசத்தையே நிறுத்திவிடலாம். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம்மிடையே உண்டு. தஹ்னீக் பற்றிய ஹதீஸ்களில் நாம் காண்பது பேரீச்சம்பழமே. ஆகவே தேனை விடுவதால் சுன்னத்து எதுவும் விடுபடப் போவதில்லை.

இனி மரக்கறிக்கு வருவோம். 'சேதன முறையில் விளைந்தது' என்று எழுதி, இரு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். இவ்வாறு விளைந்தவற்றில் பீடைநாசினியின் எச்சம் குறைவாக இருப்பது உண்மை. சத்தின் அளவிலோ பெரிய வித்தியாசம் இல்லை. வசதி உள்ளவர்கள், அத்தாட்சி பெற்ற பொருளா என்று பார்த்து வாங்கட்டும். வசதியற்ற சகோதரி இதற்காகக் கணவரை நெருக்கவோ, கடன்படவோ தேவையில்லை. விலை கூடிய ஒரு கட்டுக் கீரையை விட, சாதாரண விலையில் வாங்கி நன்றாகக் கழுவிய இரண்டு கட்டுக் கீரை அவள் பிள்ளைகளுக்கு மேல்.

சாணமும் கோழி எருவும் இட்டு வளர்த்த கீரையிலும் கிருமிகள் இருக்கலாம். வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுவது நம் வழக்கம். ஆகவே இலை இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் பல தடவை கழுவுங்கள். எருவை நன்றாக மக்கிய பின்னரே பாத்திக்கு இடுங்கள்.

மண்ணைத் திருத்துவது ஓர் இரவில் நடக்கும் காரியமன்று. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் விழுந்து, அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டதை நாம் கண்டோம். நாட்டுக்கு உள்ளது வீட்டுக்கும் பொருந்தும். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, வேலியோரம் பசளிக் கொடி, நான்கு கத்தரிக் கன்று என்று சிறிதாகத் தொடங்குங்கள். உங்கள் கையால் நட்டதில் என்ன தெளிக்கப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும்.

மாடு வளர்க்கும் சகோதரிகளும் இதை வாசிப்பீர்கள். பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம், கலீஃபா உமர் (ரழி) பார்க்காவிட்டாலும் அல்லாஹ் பார்க்கின்றான் என்று மறுத்த மகளின் வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சுத்தமான கை, கழுவிய மடி, மூடிய பாத்திரம் என்பவையும் அதே அமானத்தில் சேர்ந்தவையே. நீங்கள் கறக்கும் பால் இன்னொருவரின் பிள்ளையின் வயிற்றுக்குப் போகின்றது.

ஏனைய உணவை உண்ட பின் இதைவிடச் சிறந்ததைத் தா என்று கேட்கக் கற்றுத் தந்த நபி (ஸல்) அவர்கள், பால் அருந்திய பின் இதையே இன்னும் அதிகமாகத் தா என்று கேட்கக் கற்றுத் தந்தார்கள். அத்தகைய நிஃமத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கும் முன் அடுப்பில் ஐந்து நிமிடம் வைப்பது நமக்குப் பாரமான காரியமா?

வல்ல அல்லாஹ் நமது உணவை ஹலாலாகவும் தையிபாகவும் ஆக்கி, நம் மக்களுக்கு ஆரோக்கியத்தை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.