சிறைப் பதிவேட்டில் சாதி

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பதும், சாதி பார்த்துத் தனித்தனியே அடைப்பதும் அரசமைப்புக்கு விரோதம். அதற்கு இடம் தரும் பல மாநிலங்களின் சிறை விதிகள் செல்லாது. கைதிப் பதிவேட்டில் சாதிக்கு என்று ஒரு கலமே இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் விதிகளைத் திருத்த வேண்டும். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு அது. நாளிதழ்கள் பெரிதாகப் போட்டன, தொலைக்காட்சிகள் பேசின, பிறகு பேச்சு ஓய்ந்துவிட்டது. ஓய விடக் கூடாது என்பதற்காகவே இந்த இதழின் தலையங்கத்தை இதற்கு ஒதுக்குகிறோம்.

இப்படிச் சாதி பார்த்த விதிகளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். மேற்கு வங்க விதியில், கைதிகளுக்குச் சமைப்பவரும் சோற்றை அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவரும் தகுந்த சாதிக்காரராக இருக்க வேண்டும். துப்புரவுக்கு மேத்தர், ஹாரி, சண்டாளர் என்று சாதிப் பெயரே எழுதியிருந்தது. உத்தரப்பிரதேச விதி இன்னும் கொடுமை. வெறுங்காவல் தண்டனை பெற்றவரிடம் இழிவான வேலை வாங்கக் கூடாது என்று மனிதாபிமானத்தோடு தொடங்கும். அந்த வேலை செய்து பழகிய சமூகத்தில் பிறந்தவர் என்றால் வாங்கலாம் என்று முடியும். ராஜஸ்தானின் 1951ஆம் ஆண்டு விதிகள், கக்கூஸ் பகுதிக்கு மேத்தரையும் சமையல்கட்டுக்குப் பிராமணரையோ உயர்சாதி இந்துவையோ போடச் சொல்லின. இந்த வழக்குக்கு மூலமான கட்டுரை 2020இல் வந்த பிறகுதான் ராஜஸ்தான் தன் விதிகளைத் திருத்தியது. 1951 என்பதைக் கவனியுங்கள். தீண்டாமை எந்த வடிவத்திலும் கூடாது என்ற 17ஆவது பிரிவு அமலுக்கு வந்த பின் எழுதிய விதி அது. வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற குப்பை என்று இதைத் தள்ளிவிட முடியாது.

வெள்ளைக்காரன் பங்கு இல்லாமலும் இல்லை. 1840களில் பீகார்ச் சிறைகளில் எல்லாக் கைதிகளுக்கும் பொதுச் சமையல் என்று கொண்டுவந்தபோது கலகம் வெடித்தது. கூலிக்கும் பட்டினிக்கும் இறங்கிவராத கம்பெனி சர்க்கார் சாதிக்கு இறங்கிவந்தது. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, பிறப்பையே குற்றமாகப் பதிவேட்டில் ஏற்றியது கம்பெனிக்குப் பின் வந்த பிரிட்டிஷ் சர்க்கார். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது அந்தப் பதிவேட்டுக்காக. சுதந்திரத்துக்குப் பின் சட்டம் போனது. ஆனால் நாடோடி இனத்தார், வழக்கமான குற்றவாளி என்ற வகைப்பாடுகளாகச் சிறை விதிகளுக்குள் அதன் வேர் தங்கிவிட்டது. அதையும் இந்தத் தீர்ப்பு தொட்டிருக்கிறது.

அரசு அலுவலகத்தில் சாதி என்றால் சாதிவெறி பிடித்த அதிகாரி ஒருவரைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அவரை மாற்றினால், தண்டித்தால், ஒருநாள் பயிற்சி வகுப்பில் உட்காரவைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறோம். இந்த விதிகளை நடைமுறைப்படுத்த எந்த அதிகாரியும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. விதிப்படி நடக்கும் ஒரு நேர்மையான வார்டர் போதும். அவர் யார் மீதும் வெறுப்பில்லாமல், பதிவேட்டைப் பார்த்து, ஒருவனை அடுப்படிக்கும் இன்னொருவனைச் சாக்கடைக்கும் அனுப்பிவிடுவார். மனமாற்றத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறவர்கள் பதிவேட்டைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைத் தனித்தனித் தொகுதிகளில் வைப்பது வழக்கிலேயே பேசப்பட்டது. மோதலைத் தவிர்க்கத்தான் அப்படி என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முன்பு ஒரு வழக்கில் ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் வேலை. அதற்குச் சாதிவாரிப் பிரிவினை வழியாகாது என்று சொல்லிவிட்டது.

இந்த இடத்தில் நாமும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தென்மாவட்டங்களில் பழிக்குப் பழிக் கொலைகள் நடப்பது உண்மை. எதிரெதிர்த் தரப்பார் ஒரே தொகுதியில் இருந்தால் உயிர் போகலாம் என்ற அச்சமும் உண்மை. குறிப்பிட்ட ஒருவருக்குக் குறிப்பிட்ட ஒருவரால் ஆபத்து என்றால் பிரித்து வைக்கட்டும், அது பாதுகாப்பு. ஒரு சாதியில் பிறந்த எல்லாரையும் ஒரு தொகுதியில் போடுவது வேறு. அங்கே ஒவ்வொரு தொகுதியும் ஒரு சாதியின் கோட்டையாகிறது. செல்போன் திருடி வந்த பத்தொன்பது வயதுப் பையனும் சாதிப் படையில் ஆளாகி வெளியே போகிறான். இத்தனை பிரித்து வைத்தும் 2021 ஏப்ரலில் அதே பாளையங்கோட்டைச் சிறையில், கொண்டுவரப்பட்ட அன்றே, ஒரு பட்டியல் சாதி இளைஞர் மற்ற கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். விசாரணைக் கைதி அவர். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லியிருக்கவில்லை. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு இப்படி விசாரணைக் கைதிகள்தான்.

2024 டிசம்பர் கடைசியில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாதிரிச் சிறைக் கையேட்டையும் மாதிரிச் சிறைச் சட்டத்தையும் திருத்தியது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சிறைக்குள்ளும் செல்லும் என்று அந்தத் திருத்தத்தில் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. பதினோரு ஆண்டுகள் அது உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

காகிதத்தில் திருத்தம் வந்துவிட்டது. இனி என்ன நடக்கும் என்பதுதான் நம் கவலை. புதிதாக வரும் கைதியிடம் பேர், தகப்பனார் பேர், வழக்கு எண், அங்க அடையாளமாக இரண்டு மச்சம் எல்லாம் எழுதுகிறார்கள். சாதியை நேராகக் கேட்க வேண்டியதே இல்லை. "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டால் போதும். தெருப் பெயரில் சாதி ஒட்டிக்கொண்டிருப்பது அரசுக்கும் தெரியும். அதனால்தான் 'காலனி' என்பதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு, வரவேற்கிறோம். ஆனால் பெயர் போன பிறகும் யாரைச் சமையல்கட்டுக்கு அனுப்பினார்கள், யாரைக் கழிவறைக்கு அனுப்பினார்கள் என்று தெரிய வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ளச் சாதிக் கணக்கு வேண்டும். கலத்தை நீக்கிவிட்டுக் கணக்கு கேட்பது முரண் என்று சிலர் சொல்கிறார்கள். முரண் இல்லை. வேலை பிரிக்கும் வார்டரின் கண்ணில் சாதி படக் கூடாது. அவர் பிரித்த வேலையைச் சரிபார்ப்பவருக்குச் சாதிவாரி எண்ணிக்கை கிடைக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கெடுப்பை இந்தத் தீர்ப்பு தடுக்காது என்று உச்ச நீதிமன்றமே பிறகு தெளிவுபடுத்தியிருக்கிறது. எண்ணாமல் விட்டால் பாகுபாடு மறைந்துபோகாது, மறைந்துகொள்ளும். சிறைக்கு வெளியேயும் இதே கதைதான். மாநகராட்சித் துப்புரவுப் பணியைக் குத்தகைக்கு விட்ட பிறகு, குப்பை வண்டியின் பின்னால் போவோரில் எந்தச் சாதியார் எத்தனை பேர் என்று எந்த அலுவலகமும் தன் கணக்காக வைத்துக்கொள்வதில்லை.

தீர்ப்பில் பத்திரிகைகள் அதிகம் கவனிக்காத ஒரு கட்டளை இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் சேர்ந்து சிறைகளை அவ்வப்போது சோதிக்க வேண்டும். சாதிப் பாகுபாடு தொடர்கிறதா என்று பார்த்துக் கூட்டறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கைகள் தமிழில், சிறைவாரியாக, வேலைப் பிரிவினைப் பட்டியலோடு பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று தமிழ்நாடு அரசைக் கேட்கிறோம். நீதிமன்றத்துக்கு உறையிலிட்டு அனுப்பினால் மட்டும் போதாது.

நம் வாசகர்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், சட்ட உதவிக் குழுக்களில் இருக்கிறீர்கள், உள்ளே இருப்பவரை மனு பார்க்க வாரந்தோறும் சிறை வாசலில் நிற்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் மாவட்டச் சிறையில் இந்தச் சோதனை நடந்ததா, எப்போது நடந்தது, என்ன கண்டார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வரும் பதிலை எங்களுக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் வெளியிடுவோம்.