மயங்குவோரும் மயக்குவோரும்

இணையத்திலே ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையிற் கூடி, ஆளுக்கொரு வேடம் பூண்டு, கற்பனை நாடொன்றிலே வேட்டையும் போரும் வாணிபமும் நடத்தும் விளையாட்டுக்கள் பற்றி இரு கருத்துக்கள் உலவுகின்றன. இளைஞர் மனவுறுதி குன்றினர், ஆதலின் திரைக்கு அடிமையாயினர் என்பது ஒன்று. காசு கொடுப்பவன் தன் பொழுதைத் தான் விரும்பியவாறு கழிக்கிறான், இதிலே தலையிடப் பிறருக்கு என்ன உரிமை என்பது மற்றையது. முன்னது அறநெறிக் காவலரின் குரல். பின்னது வியாபாரிகளின் குரல். இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பன போலத் தோன்றினும் ஒரு விடயத்தில் உடன்பாடு கொண்டவை. பழியாயினும் பொறுப்பாயினும் அதனை ஆடுபவன் தலையிலே சுமத்திவிட்டு, ஆட்டுவிப்பவனைக் காட்சியிலிருந்து மறைத்துவிடுகின்றன. நாம் ஆட்டுவிப்பவனைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

இவ்விளையாட்டுக்கள் மிக ஆழமாக வேரூன்றிய நாடுகளுள் ஒன்று தென்கொரியா. லினேஜ் என்னும் விளையாட்டு அங்கு 1998 இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டின் இறுதியிலேதான் ஆசிய நிதி நெருக்கடி அந்நாட்டைத் தாக்கியிருந்தது. சர்வதேச நாணய நிதியம் கொடுத்த கடனோடு ஆட்குறைப்பும் வந்தது. வேலை இழந்தோரிற் பலர் கையிலிருந்த சேமிப்பைக் கொண்டு ‘பி.சி. பாங்’ எனப்படும் கணினிக் கூடங்களைத் திறந்தனர். வேலை கிடையாத இளைஞர் சொற்பக் காசுக்கு அங்கே பொழுதைக் கழித்தனர். அரசும் அதிவேக இணையத்தை நாடெங்கும் பரப்பிற்று. தொழிற்சாலை வாயில் அடைபட்டபோதுதான் கற்பனைக் கோட்டையின் வாயில் திறந்தது. இதனைத் தற்செயல் என்று தள்ளிவிட எம்மால் முடியவில்லை.

அந்தக் கோட்டைக்குள்ளே அவ்விளைஞனுக்குக் கிடைத்தது யாது? அங்கே எல்லோரும் முதலாம் படியிலிருந்தே தொடங்குகின்றனர். தகப்பன் யார், எந்தப் பாடசாலை என்று எவரும் கேட்பதில்லை. கொன்ற விலங்கு ஒவ்வொன்றுக்கும் புள்ளி சேர்கிறது. புள்ளி நிரம்பினாற் படி உயர்கிறது. உழைப்பு வீண்போவதில்லை என்ற உறுதி கண்முன்னே எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. நூறு விண்ணப்பங்கள் எழுதி ஒரு பதிலும் பெறாத ஒருவனுக்கு இந்த உறுதி எத்துணை இனிக்கும் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அடுத்தது தோழமை. 2004 இல் அமெரிக்காவில் வெளிவந்த வேர்ள்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் விளையாட்டிலே, ஆரம்ப ஆண்டுகளின் பெரும் போர்களுக்கு நாற்பது பேர் ஒருங்கே திரள வேண்டியிருந்தது. ஒருவன் அடி தாங்க, இன்னொருவன் காயம் ஆற்ற, ஏனையோர் தாக்க வேண்டும். குறித்த இரவிலே காயம் ஆற்றுபவன் வராவிட்டால் மற்றை முப்பத்தொன்பது பேரின் பொழுதும் பாழ். ஆகவே அவன் வருகிறான். மறுநாட் பரீட்சை இருந்தாலும் வருகிறான். மனைவி முகஞ்சுளித்தாலும் வருகிறான். இத்தகைய விளையாட்டுக்களை ஆடுவோர் சராசரியாக வாரத்துக்கு 22 மணி நேரத்தை அவற்றிலே செலவிடுகின்றனர் என்று நிக் யீ என்ற ஆய்வாளர் 2006 இல் எழுதினார். தொழிலாளி ஒருவனின் வேலை வாரத்தில் ஏறக்குறையச் சரிபாதி இது. அவனை இழுத்து வருவது பேராசையன்று, தோழருக்குக் கொடுத்த வாக்கு. மனிதனின் மிக உயர்ந்த பண்பொன்றையே தூண்டிற் புழுவாகக் கோத்திருக்கிறார்கள் என்பதுதான் இங்கு எம்மை உறுத்தும் செய்தி.

கோத்தவர்கள் அறியாமற் கோக்கவில்லை. ஃபெர்ஸ்ரரும் ஸ்கின்னரும் 1957 இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல், பரிசு எப்போது வரும் என்று நிச்சயமில்லாதபோதுதான் பிராணி ஓயாமற் கொத்துகிறது என்பதைப் புறாக்களைக் கொண்டு விளக்கியது. சூதாட்ட யந்திரத்தின் தத்துவமும் இதுவே. உளவியல் கற்ற ஜோன் ஹொப்சன் என்பவர் 2001 இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்விதிகளை விளையாட்டு வடிவமைப்புக்கு எவ்வாறு பொருத்தலாம் என்று வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். கொல்லப்பட்ட அரக்கனிடமிருந்து பெரும்பாலும் குப்பையும் எப்போதாவது பொன்வாளும் விழுவது ஏன் என்பதற்கு விடை இதுதான்.

இன்னுமோர் எடுத்துக்காட்டுத் தருவோம். வேர்ள்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் வெளியாகு முன் நடந்த சோதனையின்போது, நீண்ட நேரம் ஆடினாற் புள்ளி பாதியாகக் குறையும்படி விதி செய்தனர். ஆடியோர் வெகுண்டனர். கம்பனியார் கணக்கை மாற்றவில்லை; பெயரை மாற்றினர். முன்பு முழுமை எனப்பட்டது ‘ஓய்வெடுத்தோருக்கு இரட்டிப்பு’ ஆயிற்று. முன்பு பாதி எனப்பட்டது சாதாரண அளவாயிற்று. வெகுண்டவர்களே மகிழ்ந்தனர். மனித மனத்தை இவ்வளவு நுணுக்கமாக அளந்து வைத்திருப்பவர்களின் எதிரே தனியொருவனை நிறுத்திவிட்டு, ‘உன் மனவுறுதி எங்கே?’ என்று கேட்பது நியாயமா?

நாவலுக்கு முடிவு உண்டு. நாடகத்துக்குத் திரை விழும். இவ்விளையாட்டுக்கு முடிவே கிடையாது. லினேஜுக்கு மாதக் கட்டணம் 29,700 வொன் அறவிடப்பட்டது. கதை முடிந்தால் கட்டணமும் முடிந்துவிடுமல்லவா? ஆதலால் உச்சியை அடைந்தவனுக்கு முன்னே புதிய உச்சி எழுப்பப்படுகிறது. வேர்ள்ட் ஒஃப் வோர்கிராஃப்டில் 60 ஆக இருந்த மேற்படி 2007 இல் 70 ஆயிற்று. மாதக்கணக்கிற் கண்விழித்துப் பெற்ற கவசத்தைப் புதிய நிலத்தின் சாதாரண உடை மிஞ்சிவிட்டது. சேமித்த உழைப்பை ஒரே நாளில் மதிப்பிழக்கச் செய்து, மீண்டும் உழைக்க வைக்கும் வித்தை முதலாளித்துவத்துக்குப் புதியதன்று.

இங்கே எமது வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சியொன்று உண்டு. லினேஜ் 2 விளையாட்டின் ‘பார்ட்ஸ்’ என்னும் உலகிலே வலிமை மிக்க குழுவொன்று கோட்டைகளையும் வேட்டை நிலங்களையும் கைப்பற்றி, வரியை 15 வீதமாக உயர்த்தியது. 2004 இல் எளிய ஆட்டக்காரர்கள் கிளர்ந்தெழுந்தனர். கவசம் வாங்க வழியில்லாத தொடக்கப் படியினர் உள்ளாடைப் படை என்ற பெயரோடு கூட்டங் கூட்டமாகச் சென்று மடிந்து மடிந்து எழுந்து போரிட்டனர். கொடுங்கோன்மை வீழ்ந்தது. வென்றவர்களோ கோட்டைகளைப் பங்கிடுவதிற் பிணங்கிச் சிதறினர். தென்கொரிய இளைஞரிடம் நீதியுணர்வு வற்றிவிடவில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் அந்தக் கிளர்ச்சியால் வெளியுலகில் எவருடைய கூலியும் ஒரு வொன்னேனும் உயரவில்லை. கொடுங்கோலனும் கிளர்ச்சிக்காரனும் மாத முடிவில் ஒரே கம்பனிக்குத்தான் கட்டணம் செலுத்தினர்.

கட்டணத்தோடு ஆசை அடங்கிற்றா? இல்லை. மேப்பிள்ஸ்ரோரி என்னும் விளையாட்டை நடத்தும் நெக்சன் கம்பனி, ஆயுதங்களின் ஆற்றலை அதிர்ஷ்டத்தால் மாற்றும் ‘கியூப்’ என்ற பண்டத்தை 2010 முதல் விற்றது. சிறந்த விளைவு கிடைக்கும் வாய்ப்பை அது அறிவிக்காமலே குறைத்ததென்றும், சில சேர்க்கைகள் கிடைக்கும் வாய்ப்பைச் சுழியமே ஆக்கியிருந்ததென்றும் தென்கொரியாவின் நியாய வர்த்தக ஆணைக்குழு கண்டறிந்து, 2024 ஜனவரியில் ஏறத்தாழ 1160 கோடி வொன் தண்டம் விதித்தது. இல்லாத பரிசுக்குச் சீட்டு விற்பதை எமது மொழியில் எவ்வாறு அழைப்போம் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

இந்த இன்பத்தின் அடித்தளத்தில் வேறொரு வர்க்கமும் கிடந்தது. சீனத்தின் நான்ஜிங் நகரில், மேல்நாட்டு ஆட்டக்காரருக்கு விற்பதற்காகக் கற்பனைப் பொன் திரட்டும் இளைஞர் இரவுக்கு 12 மணி நேரம் ஆடி, மணிக்கு ஏறக்குறைய 30 அமெரிக்கச் சதம் கூலி பெற்றதை 2007 இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜூலியன் டிபெல் எழுதினார். ஒருவனுக்கு விளையாட்டே உழைப்பாயிற்று; இன்னொருவனுக்கு உழைப்பே விளையாட்டு என்று விற்கப்பட்டது.

அரசுகள் செய்தது என்ன? தென்கொரியா 2011 இல், 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆடக்கூடாதென்று சட்டம் செய்தது. பத்தாண்டின் பின் அதனைக் கைவிட்டது. சீனம் 2021 இல், 18 வயதுக்குட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு ஒரு மணி நேரம் மட்டுமே என்று வரையறுத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் விளையாட்டு மீதான கட்டுமீறிய பழக்கத்தை நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. துன்புறுவோருக்கு மருத்துவம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை; ஆடுவோர் அனைவரும் நோயாளிகளல்லர் என்பதையும் அறிவோம். ஆயினும் பிள்ளையின் கையிற் கடிகாரத்தைக் கட்டிவிட்டு, பிள்ளைக்குப் பதினாறு மணி நேரப் படிப்பையும், படித்தபின் வேலையின்மையையும் வைத்திருக்கும் சமுதாயம் தன்னைத் தான் குணப்படுத்திக்கொண்டதாகக் கூற முடியாது.

எமது நிலை இதுதான். ஆட்டத்தினுள்ளே சூதை ஒளித்து விற்பது தடுக்கப்பட வேண்டும். வாய்ப்புக்களின் உண்மைக் கணக்கு அரசால் பரிசோதிக்கப்பட வேண்டும். விட்டு விலக நினைப்பவனின் வழியிலே வேண்டுமென்று முட்கள் இடப்படலாகாது. இவை உடனடிக் கோரிக்கைகள். இவற்றினும் பெரிய கடமை ஆசிரியரிடமும் மாணவர் இயக்கங்களிடமும் இருக்கிறது. உழைத்தால் உயரலாம் என்ற உறுதி, தன்னை எதிர்பார்த்துக் காத்திருக்கும் தோழர், தனக்கென ஒரு பணி, கொடுமைக்கெதிராகத் திரளும் வாய்ப்பு ஆகிய இவையே இளைஞனைத் திரையின்முன் இருத்துகின்றன. இவற்றுள் எதுவும் இழிந்த ஆசையன்று. இவற்றை வகுப்பறையிலும் நூலகத்திலும் தொழிற்சங்கத்திலும் அவன் பெறும்படி செய்யாமல், திரையை மட்டும் அணைப்போமாயின், அவன் வேறொரு திரையைத் தேடிச் செல்வான். அப்போதும் நாம் அவனைப் பழிப்போமானால், ஆட்டுவிப்பவனுக்கு ஊதியமின்றி ஊழியம் செய்தவர்களாவோம்.