பழைய பேரேடும் மேகக் கணினியும்

சரக்குப் போக்குவரத்தையும் கிடங்கு இருப்பையும் இணையத்தின் வழியே கவனிக்கும் மென்பொருளை வாங்கலாமா என்ற பேச்சு நமது சங்கங்களில் எழுந்துள்ளது. இதற்கு 'மேகம்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். உண்மையில் மேகம் ஒன்றுமில்லை. வேறொருவர் கட்டடத்தில் ஓடும் கணினியில் நமது கணக்கை வைத்து வாடகை செலுத்துகிறோம், அவ்வளவே. லாரி எங்கே செல்கிறது, எந்தப் பேல் எந்தக் கடையைச் சேர்ந்தது என்பதை உடனுக்குடன் அறியலாம். அது பெரிய நன்மை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாங்குவது எளிது. சங்கத்தில் பல்லாண்டுகளாக இருந்துவரும் கணக்கோடு அதைப் பிணைப்பதே கடினம் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் அளவை எடுத்துக்கொள்வோம். நெசவாளர் சங்கங்களின் பழைய இருப்புக் கணக்கு சிட்டம், கட்டு, பேல் என்னும் அளவுகளில் அமைந்தது. ஒரு சிட்டம் 840 கஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டங்கள் அடங்குமோ அதுவே நூலின் நம்பர். மரபுப்படி பத்துப் பவுண்டு கொண்டது ஒரு கட்டு. ஆகவே 40ஆம் நம்பர் கட்டில் 400 சிட்டங்களும், 80ஆம் நம்பர் கட்டில் 800 சிட்டங்களும் இருக்கும். எடை ஒன்றே, சிட்டக் கணக்கோ இரு மடங்கு. ஆலையின் பட்டியல் கிலோவில் வருகிறது. புதிய மென்பொருளுக்குக் கிலோவும் உருப்படியும் மட்டுமே தெரியும். நாம் சொல்லிக் கொடுத்தாலன்றிக் கட்டு என்றால் என்னவென்று அதற்கு விளங்காது. இந்த மாற்றத்தில் பிழை நேர்ந்தால், நஷ்டம் மென்பொருள் விற்றவரைச் சேராது. குறையும் நூல் நெசவாளியின் பற்றில் ஏறும். கூலியில் பிடித்தம் விழும். மஞ்சள் பயிரிடுவோர்க்கும் இதே இடர்தான்: மூட்டைக்கு மூட்டை எடை வேறு, மூட்டை எண்ணிக்கையை மட்டும் அனுப்பினால் பட்டுவாடா தவறாகும்.

அடுத்தது எழுத்து. 1999ஆம் ஆண்டின் தமிழிணைய மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்னும் குறியேடுகள் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. 2010இல் அரசு யூனிகோடுக்கு மாறியது. இடைக்காலத்தில் பதியப்பட்ட அங்கத்தினர் பெயர்களைப் புதிய மென்பொருள் அப்படியே படித்தால், பொருளற்ற எழுத்துக் குவியலே திரையில் தோன்றும். பெயரைக் கொண்டு பிணைக்கலாகாது. அங்கத்தினர் எண்ணைக் கொண்டே பிணைக்கவேண்டும். ஒரே ஊரில் ஒரே பெயருடையவர் எத்தனை பேர் என்பதை நமது காரியதரிசிகளுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை!

இன்னொரு தொல்லையும் உண்டு. செய்தி போய்ச்சேரும் வேளையில் இணைப்பு அறுந்தால், பதில் வராத காரணத்தால் கணினி அதே செய்தியை மறுபடி அனுப்பும். ஒருமுறை அனுப்பிய பத்துப் பேல் இருமுறை கழிந்துவிடும். இதற்குப் பரிகாரம் பழையதே. ஒவ்வோர் அனுப்புச் சீட்டுக்கும் தனி எண் இருக்கட்டும். அதே எண் மீண்டும் வந்தால் பேரேடு ஏற்க மறுக்கட்டும். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு நடைமுறைக்கு வந்த இ-வே பில் எண்ணையும் இதனோடு சேர்த்துப் பதிந்தால் சரிபார்த்தல் எளிதாகும்.

பழைய கணக்கு மென்பொருளைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் மேகத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்போர் உளர். இதை நாம் ஏற்பதற்கில்லை. தணிக்கையாளர் கேட்பதும், அங்கத்தினரின் பங்கும் பற்றும் பதிந்திருப்பதும் பழைய பேரேட்டில்தான். புதியது அனுப்புச் சீட்டின் எண், அளவு, தேதி ஆகியவற்றை மட்டும் பேரேட்டுக்குச் சொல்லட்டும்; பணக் கணக்கில் அது கைவைக்க வேண்டாம். சில மாதங்கள் இரண்டையும் அருகருகே நடத்தி, மாத முடிவில் கிடங்கில் உள்ள பேல்களைக் கையால் எண்ணி ஒப்பிட்டபின் மாறுவதே நலம். தீபாவளி விற்பனை நெருங்கும் வேளையில் இதைத் தொடங்குவது விபரீதம்.

ஒப்பந்தத்தில் ஒரு விதியை வற்புறுத்துகிறோம். நாளை வாடகையை நிறுத்தினால், நமது பதிவுகள் அனைத்தும் வேறு கணினி படிக்கத்தக்க கோப்பாக நம் கைக்குத் திரும்பவேண்டும். இது எழுத்தில் இல்லையேல் கையொப்பமிடலாகாது.

இவ்விஷயத்தைப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவரும் நிர்வாகக் குழுவினர், விலைப்பட்டியலோடு அளவு மாற்றுப் பட்டியலையும் அங்கத்தினர் முன் வைக்கவேண்டுமெனக் கோருகிறோம். அதைச் சரிபார்க்க, தறியில் அமர்ந்து சிட்டம் எண்ணிப் பழகிய இருவரையாவது குழுவில் சேர்த்துக்கொள்ளட்டும்.