காரின் முன்பக்கச் சத்தமும் நம் வீட்டு ஸ்பேனரும்



நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "டீச்சர், பத்து வருஷ கார். மேடு பள்ளத்துல முன்னாடி டக் டக்னு சத்தம் வருது. ஸ்டீயரிங்கும் கொஞ்சம் ஆடுது. ஒர்க் ஷாப்ல முன்பக்கம் மொத்தமா மாத்தணும்னு பெரிய எஸ்டிமேட் குடுத்துட்டாங்க. வீட்டிலேயே மாத்தலாமா?" பதில் போட்டவர்களில் பாதிப்பேர் "வீடியோ பார்த்துச் செய்துடு" என்றீர்கள். மீதிப்பேர் "ஸ்டீயரிங்கில் கை வைக்காதே, உயிர் விஷயம்" என்றீர்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

என் கருத்து இதுதான். எது தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சில பாகங்களை மாற்றுவதை, பொறுமையும் சரியான கருவியும் உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். ஒன்றிரண்டு வேலைகளை வீட்டில் யாரும் தொடக்கூடாது. எந்த வேலை எந்தப் பிரிவில் வரும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் செய்வதும் தவறு, எதையுமே தொடாமல் பயப்படுவதும் தவறு.

அறிவியல் பாடத்தில் பந்துக் கிண்ண மூட்டு படித்தீர்களே, தோளிலும் இடுப்பிலும் இருப்பது, அதேதான் காரின் முன் சக்கரத்திலும் இருக்கிறது. ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டு போகும் கம்பியின் முனையில் ஒன்று. இதை டை ராட் எண்டு என்பார்கள். சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மின் முனையில் இன்னொன்று. இதுதான் பால் ஜாயிண்ட். அம்பாசிடர் காலத்தில் இந்த இடங்களுக்கெல்லாம் அவ்வப்போது கிரீஸ் அடிக்க வேண்டும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் பிறகு வந்த சின்னக் கார்களில் பெரும்பாலும் கிரீஸை உள்ளேயே வைத்து ரப்பர் உறை போட்டு மூடிவிட்டார்கள். அந்த உறை கிழியாத வரை கவலையில்லை. கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். நம் ஊர்ச் செம்மண்ணும் சாம்பல் தூசியும் ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்தால் மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். தேய்மானம் முற்றி மூட்டு கழன்றுவிட்டால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும், சக்கரம் அதன் பேச்சைக் கேட்காது. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலையில் எதிரே லாரி வரும்போது இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது சோதனை. சமதரையில் காரை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, உடனே ஸ்டாண்டு மேல் இறக்குங்கள். கடிகாரத்தில் 9 மணி, 3 மணி இடங்களில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடப்பு இருந்தால் பெரும்பாலும் டை ராட் எண்டு. பிறகு 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட்டாக இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். டார்ச் அடித்து ரப்பர் உறைகளையும் புஷ்களையும் பாருங்கள். காரை இறக்கிய பிறகு, ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்ட, இன்னொருவர் டை ராட் எண்டில் கை வைத்துப் பார்த்தால் தேய்ந்த மூட்டு கையிலேயே தட்டும். அரை மணி நேர வேலை. இதைச் செய்துவிட்டு ஒர்க் ஷாப் போனால், "மொத்தமா மாத்தணும்" என்று சொல்பவரிடம் "எது போயிருக்கு, காட்டுங்க" என்று கேட்கலாம்.

வீட்டில் மாற்றக்கூடியவற்றில் முதலாவது டை ராட் எண்டு. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி, புல்லர் போட்டு மூட்டைப் பிரிக்க வேண்டும். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். புதியதும் அதே சுற்று. ஸ்பிளிட் பின் புதியதுதான் போட வேண்டும். துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், பின்னால் தளர்த்தக் கூடாது. எல்லா நட்டுக்கும் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்குங்கள். முடிந்ததும் நேராக வீல் அலைன்மெண்ட் கடைக்கு மெதுவாக ஓட்டிப் போக வேண்டும். சுற்று எண்ணியது அதுவரை போய்ச் சேரத்தான். அலைன்மெண்ட்டை விட்டுவிட்டால் புது டயரின் ஓரம் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

ஸ்டெபிலைசர் லிங்க் இதைவிட எளிது. லோயர் ஆர்ம் கொஞ்சம் பெரிய வேலை, அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் செய்யலாம். அதன் புஷ் போல்ட்டைக் காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அவசரக்காரர்கள் தவறவிடும் இடம் இது.

தொடவே கூடாதது சாக் அப்சார்பரோடு இருக்கும் ஸ்பிரிங். அழுத்தத்தில் அடங்கியிருக்கும் அந்தச் சுருள், மேல் நட்டைக் கழற்றினால் துப்பாக்கிக் குண்டு போல் பாயும். ஸ்டீயரிங் ராக், மின்சார பவர் ஸ்டீயரிங், ஏர் பேக் இவையும் ஒர்க் ஷாப் வேலைதான். இன்னொன்று: ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கடியில் போகாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் கல் அடுக்கி வைப்பதும் வேண்டாம். அவை சொல்லாமல் நொறுங்கும். இரண்டு நல்ல ஸ்டாண்டு வாங்க மனமில்லாதவர் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம்.

"உயிர் விஷயம், மெக்கானிக்கிடம் விடுங்கள்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உயிர் விஷயம் என்பதால்தான் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். மெக்கானிக் வருடத்துக்கு இரண்டு முறை உங்கள் காரைப் பார்ப்பார், நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். வேலை தெரிந்தவர் நல்ல மெக்கானிக்கை மதிப்பார், கூலியில் பேரம் பேச மாட்டார். மந்தாரக்குப்பத்தில் அப்படிப்பட்ட கைகள் நிறைய உண்டு. காசு மிச்சம் என்று விலை குறைந்த போலிப் பாகம் வாங்காதீர்கள். ரானே மெட்ராஸ் போல நம் சென்னையிலேயே இந்த மூட்டுகளைப் பல பத்தாண்டுகளாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. பில்லோடு வாங்குங்கள்.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின் வளர்ந்த ஊர் இது. உங்களில் பலருடைய அப்பாக்கள் சுரங்கத்தில் வாளிச்சக்கர எந்திரங்களைப் பிரித்து மாட்டியவர்கள். என் வீட்டுக்காரர் அனல் மின் நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவர். பெர்மிட் வாங்காமல், மின்சாரம் துண்டிக்காமல் ஒரு பம்பைக்கூடத் தொட மாட்டார்கள். கெட்டுப்போகும் வரை காத்திருக்காமல் தேதி வைத்துப் பரிசோதிப்பார்கள். அந்தக் கையும் அந்த ஒழுங்கும்தான் இந்த ஊர் நமக்குத் தந்த சொத்து. அவர்கள் பிள்ளைகள் பொறியியல் பட்டம் வாங்கிவிட்டு, ஸ்டெப்னி மாற்ற ஆள் கூப்பிடுகிறார்கள். படித்தவன் கையில் கிரீஸ் படக்கூடாது என்று நாம்தான் சொல்லிக் கொடுத்துவிட்டோமோ என்னவோ.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோதனையை மட்டுமாவது செய்யுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பெண் பிள்ளைகளையும்தான். நம்மிடம் படித்த பெண்களில் எத்தனையோ பேர் இன்று தனியாக நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறார்கள். சக்கரத்தை ஆட்டிப் பார்க்க அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

செய்து பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். மெக்கானிக் வேலையிலேயே இருக்கும் என் மாணவர்கள் இதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லோரும் நலமாகப் போய் நலமாக வீடு திரும்புங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்